வேற ஊர் மரை: ஒரு குளத்து பம்பும் ஒன்பது நாளும்

இரண்டரைச் சுற்று. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. புது பம்பின் வாயில், குழாயோடு சேர்க்கும் பிளாஸ்டிக் அடாப்டரை வைத்துத் திருகினேன், மரை பிடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, இரண்டரை. அதற்கு மேல் அசையவே இல்லை. புதுப் பொருள், கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பைப் ரெஞ்சை எடுத்தேன். அடுத்த ஒன்பது நாளில் நான் தொலைத்த தூக்கம், காசு, இரண்டு மீன்கள் எல்லாவற்றுக்கும் அந்த ரெஞ்சை எடுத்த நிமிடம்தான் ஆரம்பம். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. சொல்ல ஆள் இல்லாததால் நான் பட்டேன். நீங்கள் படவேண்டாம் என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது சின்னக் குளம்தான், இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்பு. அதிலிருந்து கரைக்கு ஏறும் ஒன்றரை இஞ்ச் பி.வி.சி குழாய், கரையில் ஒரு டிரம் ஃபில்டர், அங்கிருந்து தண்ணீர் கல்லில் வழிந்து மறுபடி குளத்துக்கே. ஒரு சனிக்கிழமை விடிகாலையில் போய்ப் பார்த்தால் பழைய பம்பு உறுமிக்கொண்டு கிடக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நல்ல வெயில் காலம் வேறு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். இரவு முழுக்க பாசியும் செடிகளும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துவிடுவதால் விடிகாலைதான் மீனுக்கு மோசமான நேரம். வீட்டில் கண்ணாடித் தொட்டிக்கு வைத்திருந்த சின்னக் காற்று பம்பைக் கொண்டுவந்து போட்டேன். அன்றைக்கு மீன்கள் பிழைத்தது அதனால்தான். குளம் வைத்திருப்பவர்கள் அப்படி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். பம்பு வேலை எப்போதும் நினைத்த நேரத்தில் முடியாது.

பழையது இழுத்துக்கொண்டிருந்ததால் புது பம்பு ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன். வெளிநாட்டுத் தயாரிப்பு. கூடவே அதே இடத்தில் ஒரு பால் வால்வும் (உள்ளே உருண்டை சுழன்று தண்ணீரை அடைக்கும் வால்வு) வாங்கியிருந்தேன். பெட்டியில் ‘ஒன்றரை இஞ்ச்’ என்று போட்டிருந்தது. என் குழாயும் ஒன்றரை இஞ்ச். பிறகென்ன? அதற்குமேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பெட்டிக்குள் பம்போடு ஒரு ஹோஸ் நிப்பிளும் இருந்தது, படிப்படியாகப் பருத்துக்கொண்டே போகுமே, அந்த மாதிரி கறுப்பு பிளாஸ்டிக் துண்டு. அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டேன். ஹோஸ் என்றால் தற்காலிகம், குழாய் என்றால் நிரந்தரம் என்று ஒரு திமிர் எனக்கு. அந்தத் திமிர் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

ரெஞ்சைப் போட்டு இன்னும் ஒரு சுற்று ஏற்றினேன். உள்ளே ஏதோ கரகரவென்று அரைபட்டது. சரி, பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு பம்பைத் தண்ணீரில் இறக்கி ஸ்விட்ச் போட்டேன். குழாயில் தண்ணீர் ஏறியது. ஆனால் பம்பின் கழுத்தில் ஒரு பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சி, அடியில் கிடந்த வண்டலைக் கலக்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் அடாப்டரின் மரை பாதி சீவிப்போய், சுருள் சுருளாக பிளாஸ்டிக் தொங்குகிறது. கடைக்கு ஓடினேன். “டெஃப்ளான் கம்மியா சுத்திருப்பீங்க சார், பத்துச் சுத்து சுத்தி நல்லா முறுக்குங்க” என்றார் கடைக்காரர். இன்னொரு அடாப்டர், கசியாமலிருக்க மரையில் சுற்றும் அந்த டெஃப்ளான் டேப் இன்னொரு சுருள். பத்துச் சுற்று சுற்றினேன். இந்தத் தடவை இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டது. மறுபடி ரெஞ்ச், மறுபடி கசிவு. சனிக்கிழமை இப்படியே இருட்டிவிட்டது. ஆத்திரத்தில் ரெஞ்சைத் தூக்கி எறிந்தேன், அது போய்ச் செடித்தொட்டியில் விழுந்து தொட்டியும் உடைந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உலகத்தில் தண்ணீர்க் குழாய்க்கு முக்கியமாக இரண்டு குடும்ப மரைகள் உண்டு. ஒன்று பி.எஸ்.பி, பிரிட்டிஷ் வழி வந்தது. இன்னொன்று என்.பி.டி, அமெரிக்க வழி. பிரிட்டனில் 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் மரைக்கு ஓர் ஒழுங்கு சொன்னார், மரைப் பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் 1864இல் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி போதும், அறுக்க எளிது என்றார். குழாய் மரையும் இந்த இரண்டு வழியில் தனித்தனியாகப் போய்விட்டது. அதாவது என் அடாப்டருக்கும் பம்புக்கும் நடந்த சண்டை நூற்றைம்பது வருடச் சண்டை, நடுவில் மாட்டிக்கொண்டது நான். கோணம் மட்டும் வேறு என்றால்கூட டேப் சுற்றி ஒப்பேற்றலாம். நெருக்கமும் வேறு. ஒரு இஞ்ச் முதல் இரண்டு இஞ்ச் வரையிலான அளவுகளில் பி.எஸ்.பிக்கு இஞ்சுக்கு 11 மரை, என்.பி.டிக்கு பதினொன்றரை. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி முதலாவதில் 2.31 மில்லிமீட்டர், இரண்டாவதில் 2.21. ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல். முதல் சுற்றில் தெரியாது, இரண்டாவதில் உரசும், மூன்றாவதில் கவ்விக்கொள்ளும். அந்த ‘இரண்டரைச் சுற்று’ தற்செயல் இல்லை, கணக்கு.

அப்புறம் ஏன் எல்லோரும் “எனக்கு நல்லா பொருந்திச்சே” என்கிறார்கள்? அதற்கும் காரணம் இருக்கிறது. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டு குடும்பத்துக்கும் இஞ்சுக்கு 14 மரைதான். கோணம் வேறாக இருந்தாலும் பாதிக்கு மேல் ஏறிவிடும், டேப் மீதியைச் சமாளித்துவிடும், சில வேளை ஒழுகாமலேகூட ஓடும். வீட்டுக் குழாயில் அப்படி ஒன்றைப் பொருத்திப் பழகிய கை, குளத்து பம்புக்கு வந்ததும் அதே தைரியத்தில் முறுக்கும். என் கை அப்படித்தான் முறுக்கியது. இதற்குள்ளேயே இன்னொரு குழப்பமும் உண்டு: அமெரிக்கத் தோட்டத்து ஹோஸ் மரை. அதுவும் முக்கால் இஞ்ச் என்றே சொல்லப்படும், ஆனால் இஞ்சுக்கு பதினொன்றரை மரை. முக்கால் இஞ்ச் என்.பி.டியோடுகூட அது சேராது. ஒரே ஊர், ஒரே பெயர், இரண்டு ஜாதகம்.

‘இஞ்ச்’ என்ற சொல்லையே நம்பாதீர்கள் என்பேன். ஒன்றரை இஞ்ச் மரையை ஸ்கேல் வைத்து அளந்தால் எங்கேயும் ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மில்லிமீட்டர், கிடைக்காது. பி.எஸ்.பி ஆண் மரையின் (வெளிப்பக்கம் மரை உள்ளது ஆண், உட்பக்கம் உள்ளது பெண்) வெளிவிட்டம் 47.8, என்.பி.டிக்கான குழாயின் வெளிவிட்டம் 48.3. பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர் அது, இப்போது வெறும் பெயர்தான். ஹோஸ் வேறு கணக்கு: ஒன்றரை இஞ்ச் ஹோஸ் என்றால் உள்விட்டம் நிஜமாகவே 38. பி.வி.சி குழாய் மூன்றாவது கணக்கு: மெட்ரிக் குழாயில் ஒன்றரை என்று நாம் கேட்பது வெளிவிட்டம் 50 மில்லிமீட்டர், இஞ்சுக் கணக்குக் குழாயில் அதே பெயருக்கு 48.3. ஆக நான் கடையில் ‘ஒன்றரை’ என்று கேட்டபோதெல்லாம் நான் ஒன்றை நினைத்தேன், கடைக்காரர் இன்னொன்றை எடுத்தார், பெட்டி மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

மரையை அடையாளம் காண, நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் இருந்தால் நல்லது, இல்லாமலும் முடியும். ஆண் மரை என்றால் மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்திப் பென்சிலால் தேய்த்தால் கோடுகள் விழும். 25.4 மில்லிமீட்டருக்குள் எத்தனை என்று எண்ணுங்கள். பதினொன்றா பதினொன்றரையா என்று சந்தேகம் வந்தால் பத்து இடைவெளியை மொத்தமாக அளங்கள். 23 மில்லிமீட்டரா 22ஆ என்பது சாதா ஸ்கேலிலேயே தெரியும். பெண் மரைக்கு, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உள்சுவரில் அழுத்தி எடுத்து அதன் அச்சில் எண்ணலாம். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நிச்சயமாகத் தெரிந்த ஓர் ஆண் மரையையும் சந்தேகப்படும் ஆண் மரையையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, மேடு பள்ளத்தில் உட்காரும்படி பொருத்தி, விளக்குக்கு எதிராகத் தூக்கிப் பாருங்கள். ஒரே இனம் என்றால் வெளிச்சம் ஊடுருவாது. வேறு இனம் என்றால் ஒரு முனையில் பொருந்தி மறுமுனையில் மேட்டோடு மேடு முட்டிக்கொண்டு நிற்கும். நான் அந்தக் கறுப்பு ஹோஸ் நிப்பிளையும் சீவிப்போகாத இன்னொரு அடாப்டரையும் இப்படிச் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: பம்பு என்.பி.டி, என் அடாப்டர் பி.எஸ்.பி. அதே ஹோஸ் நிப்பிளை பம்பின் வாயில் வைத்துக் கையால் திருகினால் சத்தமே இல்லாமல் நான்கு சுற்று வழுக்கிக்கொண்டு போகிறது. சரியான ஜோடி எப்படி ஏறும் என்பதை அன்றுதான் என் விரல் தெரிந்துகொண்டது.

எழுத்துகளையும் பாருங்கள். இணைப்பின் உடம்பில் பொடியாகப் பொறித்திருக்கும், டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ‘ஜி’ என்று இருந்தால் பி.எஸ்.பியின் நேர் மரை, ‘ஆர்’ என்றால் அதே குடும்பத்தின் கூம்பு மரை. ‘என்.பி.டி’, ‘எம்.பி.டி’, ‘எஃப்.ஐ.பி’ என்றெல்லாம் இருந்தால் அமெரிக்கக் குடும்பம். நேர் மரைக்கும் கூம்பு மரைக்கும் வித்தியாசம் முக்கியம். கூம்பு மரை 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம் பருக்கும், ஏற ஏற இறுகும், அந்த இறுக்கத்தில்தான் தண்ணீர் நிற்கும், டேப் அதற்குத்தான். நேர் மரை வெறுமனே பிடித்துக்கொள்ளும், தண்ணீரை நிறுத்துவது அடியில் இருக்கும் வாஷரோ ஓ-ரிங்கோதான். வாஷர் இல்லாத நேர் மரையில் டேப்பைக் கிலோ கணக்கில் சுற்றினாலும் ஒழுகும். டேப்பைக் கூம்பு மரைக்கு மூன்று முதல் ஐந்து சுற்று, முனையைப் பார்த்தபடி கடிகார முள் ஓடும் திசையில். பத்துச் சுற்று என்பது கசிவுக்கு மருந்து இல்லை, பெண் மரையைப் பிளப்பதற்கு ஆப்பு.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. சரி, பம்பில் அவர்கள் கொடுத்த ஹோஸ் நிப்பிளே இருக்கட்டும், 38 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு துண்டு போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, அங்கே காய்ந்த தரையில் உட்கார்ந்து நிதானமாகக் குழாயோடு சேர்க்கலாம் என்று முடிவெடுத்தேன். கேட்க நல்ல யோசனை. ஆனால் பம்போடு வாங்கிய அந்த பால் வால்வை எப்படியாவது பயன்படுத்திவிட வேண்டும் என்று மனசு அரித்தது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. அதுவும் என்.பி.டி. திங்கட்கிழமை மூன்று கடை ஏறி இறங்கினேன். என்.பி.டியில் இருந்து பி.எஸ்.பிக்கு மாற்றும் இணைப்பு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, ஆனால் கையில் கிடைக்கவில்லை. ஒரு கடையில் “இரும்பு நிப்பிள் போடுங்க, இரும்பு தானா மரையை வெட்டிக்கிட்டு ஏறிடும்” என்றார்கள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. களைத்துப்போன மனிதனுக்கு எதுவும் நியாயமாகப் படும்.

செவ்வாய் மாலை கரையில் ஒரு பொம்மை ரயில் மாதிரி செய்து வைத்தேன். ஹோஸ், அதில் இரும்பு ஹோஸ் நிப்பிள், பிளாஸ்டிக் பால் வால்வு, இரும்பு நிப்பிள், காலர், ரெடியூசர், கடைசியில் குழாய். ஆறு இணைப்பு, ஆறு இடத்தில் ஒழுகும் வாய்ப்பு. வால்வுக்குள் இரும்பு நிப்பிளை முறுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இதை மட்டும் தனியாகச் சொல்கிறேன்: பிளாஸ்டிக் ஆண் மரை இரும்புப் பெண் மரைக்குள் போகலாம், பாதகமில்லை. இரும்பு ஆண் மரையை பிளாஸ்டிக் பெண் மரைக்குள் ஏற்றினால் அது உள்ளிருந்து விரித்துப் பிளக்கும். உடனே பிளக்காது. மயிரிழை விரிசல் விட்டு, இரவெல்லாம் அழுத்தத்தில் இருந்து, நீங்கள் தூங்கும்போது வாயைத் திறக்கும். துத்தநாகம் பூசிய இரும்பும் பித்தளையும் மீன் குளத்தில் நல்லதும் இல்லை. துத்தநாகமும் செம்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தாலே மீனுக்கு ஆகாது, நத்தைகளுக்கு இன்னும் மோசம்.

அன்றிரவு ஒன்பது மணிக்குப் பம்பைப் போட்டேன். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வால்வின் அடியில் துளிர்த்தது. விரலால் துடைத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். நாலு நாளாகத் தூங்காத உடம்பு.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பியது சத்தம். தண்ணீரில்லாமல் பம்பு காற்றை இழுக்கும்போது ஒரு கொறகொறப்பு வருமே, அது. குளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இல்லை. வால்வின் பக்கவாட்டில் பிளந்து, தண்ணீர் விசிறியாகக் கரை மண்ணில் பாய்ந்து வேலிப் பக்கம் ஓடியிருக்கிறது. பம்பு நடுவில் ஒரு திட்டில் இருந்ததால் அங்கே வற்றிவிட்டது, மீதித் தண்ணீர் ஓரப் பள்ளத்தில். மீன்கள் அந்தப் பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, முதுகு வெளியே தெரியக் கிடந்தன. பெரியது இரண்டு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு முழங்கால் வரை சேற்றில் இறங்கி வாளியில் அள்ளினேன். அந்த இரண்டும் பிழைக்கவில்லை. அதில் ஒன்று ஆறு வருடமாக என் கையில் தின்ற மீன். ஒரு மரைக்காக இவ்வளவா என்று சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அது நடந்தது.

பிறகு கணக்குப் போட்டேன். எட்டரை மணி நேரத்தில் சுமார் ஆயிரத்து இருநூறு லிட்டர். நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர்கூட இல்லை. ஒரு குழாயை லேசாகத் திறந்துவிட்ட அளவுதான். என்னை இன்றும் உறுத்துவது இது. சனிக்கிழமை நான் அடித்துக்கொண்டு அழுத கசிவு பம்பின் கழுத்தில், தண்ணீருக்கு அடியில் இருந்தது. அங்கே ஒழுகும் தண்ணீர் எங்கே போகும்? குளத்துக்கே. கொஞ்சம் ஓட்டம் குறையும், அவ்வளவுதான். ஒரு சொட்டு நஷ்டம் இல்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று இணைப்பைக் கரைக்குக் கொண்டுவந்தேன். கரையில் ஒழுகினால் குளம் காலி. எங்கே ஒழுகுகிறது என்பதை விட்டுவிட்டு ஒழுகுகிறதா என்பதிலேயே நான்கு நாளும் போயிருந்தது. இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை இஞ்ச்’ இல்லை, ‘ஒழுகினால் தண்ணீர் எந்தப் பக்கம் விழும்’ என்பதுதான்.

தண்ணீர் நிரப்பும்போதும் அவசரப்படக்கூடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டால் மிச்ச மீனும் போகும். குளோரின் நீக்கும் மருந்தை, புதுத் தண்ணீருக்கு மட்டுமல்ல, குளத்தின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்குப் போட்டு முன்பே விட்டுவிட்டு மெதுவாக நிரப்பினேன். ஃபில்டரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். நான்கு நாளாக ஓட்டமில்லாமல் உள்ளே இருந்த நல்ல பாக்டீரியா செத்து, காற்றில்லாத இடத்தில் வளர்கிறவை குடியேறிவிட்டன. அதைக் கழுவாமல் பம்பைப் போட்டிருந்தால் அந்த விஷமெல்லாம் குளத்துக்குள் இறங்கியிருக்கும். செவ்வாய் இரவு நான் அதைத்தான் செய்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மீன்கள் செத்ததில் வால்வுக்கு எவ்வளவு பங்கு, இதற்கு எவ்வளவு என்று இனி பிரித்துச் சொல்ல முடியாது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் காற்று பம்பும் வாளியும்தான் வாழ்க்கை. வேலைக்கு இரண்டு நாள் லீவு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் வந்தார், காலமெல்லாம் குழாய் வேலை பார்த்தவர். பிளந்த வால்வைக் கையில் வாங்கி, நகத்தால் மரையைத் தடவிப் பார்த்தார். எண்ணவில்லை, அளக்கவில்லை. “இது வேற ஊர் மரை தம்பி” என்றார்.

“தெரியுது அண்ணே. மாத்துற இணைப்பு எங்கயும் கிடைக்கல.”

“எதுக்கு மாத்தணும்? இந்தத் தண்ணிக்கு மரையே எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, பம்பின் பெட்டியை எடுத்து எத்தனை மீட்டர் தூக்கும் என்று பார்த்தார். நாலு மீட்டர். “பத்து மீட்டர் தண்ணி நின்னாத்தான் ஒரு கிலோ அழுத்தம். உன் பம்பு முக்கி முக்கித் தள்ளினாலும் அரைக் கிலோ வராது. இதுக்குப் போயி ரெஞ்ச் போட்டிருக்கியே, மரை கழண்டவனா நீ?”

எனக்குச் சிரிப்பு வந்தது, ஒன்பது நாளில் முதல்தடவையாக. அவர் செய்தது இவ்வளவுதான். ஹோஸை எடுத்துக் குழாயின் முனையோடு நேருக்கு நேர் கொண்டுவர, நடுவில் ஒரு சாண் ரப்பர் இணைப்புக் குழல், இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத எஃகு கிளிப். ஹோஸ் பக்கம் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய்த்துண்டைச் செருகினார், கிளிப் இறுக்கும்போது ஹோஸ் நசுங்காமல் இருக்க. ஹோஸின் வாயை முதலில் வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து இளக்கினார். கிளிப்புகளை இரண்டிரண்டாக, திருகுத் தலைகள் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி போட்டார். ரப்பர் விட்டுக்கொடுப்பதால் 48ஆ 50ஆ என்ற வழக்கே எழவில்லை. வால்வே வேண்டாம் என்றார். பம்பின் பக்கம் ஓட்டத்தைக் குறைக்க என்ன அவசியம், நிறுத்த வேண்டுமானால் ஸ்விட்ச் இருக்கிறதே. அவர் சொன்னதில் நான் மறுபேச்சு பேசியது ஒன்றில்தான். எளிதாகக் கிடைக்கிறது என்று ஒரு இஞ்ச் ஹோஸ் போடலாமா என்றார். நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒன்றரையில் இருந்து ஒன்றுக்குக் குறைத்தால் வழியின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும், அதே ஓட்டத்துக்கு உராய்வு ஏழு மடங்கு ஆகும். பம்பு வாங்கிய காசில் பாதி ஹோஸின் சுவரோடு போய்விடும். “படிச்சிருக்க” என்றார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

இணைப்பைக் கரையில் வைக்கவில்லை. குழாயை இரண்டடி நீட்டி, ரப்பர் இணைப்பு தண்ணீருக்கு மேலே தொங்கும்படி வைத்தோம். ஒழுகினால் நேரே குளத்தில் விழும். பம்பை ஓரப் பள்ளத்துக்கு நகர்த்தாமல் பழைய திட்டின்மேலேயே இரண்டு செங்கல் வைத்து இன்னும் தூக்கிவிட்டேன். நாளைக்கு எங்கேயாவது பிய்த்துக்கொண்டாலும் அந்த உயரத்துக்குக் கீழே தண்ணீர் போகாது, பள்ளத்தில் மீன் நீந்த மிச்சம் இருக்கும். தண்ணீர் இறங்கினால் பம்பைத் தானாக நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பிரேக்கர் முன்பே உண்டு. அது இல்லாமல் மூழ்கு பம்பே வைக்கக்கூடாது, இருந்தாலும் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. பிறகு டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றிவிட்டு மூன்று மணி நேரம் பட்டப்பகலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஈரக் கறை எங்கே விழுகிறது என்று காகிதம் சொல்லிவிடும். இரவில் புது இணைப்பை ஓடவிட்டுத் தூங்குவதை அதோடு விட்டேன்.

கணக்கு கேட்பவர்களுக்காக: பம்புக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேவையில்லாத இணைப்புகளும் வால்வும் டேப்பும் ஆகியிருக்கின்றன. கடைசியில் வேலையை முடித்த ரப்பர் துண்டும் கிளிப்புகளும் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர் கூலி வாங்கவில்லை, மீன்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மிஞ்சிய இரும்பு நிப்பிள்கள் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் எந்தக் குடும்பம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பம்பின் கழுத்தில், அந்தக் கறுப்பு ஹோஸ் நிப்பிள் உட்காரும் இடத்தில், லேசாக ஒரு கசிவு இன்னும் இருக்கிறது. வெயில் சரியாக விழும் நேரத்தில் அடியில் ஒரு சின்னச் சுழல் தெரியும். குட்டி மீன்கள் அதற்கு நேரே போய் நின்று எதிர்நீச்சல் போடுகின்றன. நான் அதைத் தொடவில்லை.